கமத்தில் நேரும் விபத்தும் முதலுதவிப் பயிற்சியும்

உழவுத் தொழிலின் சிறப்பைப் போற்றியோர் பலர். அத்தொழிலில் நேரும் இடுக்கண்களை ஆராய்ந்தோர் சிலரே. ஆலைத் தொழிலாளி ஒருவன் காயமுற்றால் அவனருகே மேற்பார்வையாளர் இருப்பர்; அவனுக்கெனச் சட்டம் இருக்கும்; மருந்துப் பெட்டி ஒன்றேனும் சுவரிலே தொங்கும். கமக்காரனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தன் வயலில் முதலாளியும் அவனே, கூலியாளும் அவனே. விபத்து நேரும் வேளையில் அவனருகே இருப்பவர் மனைவியோ, மகனோ, அடுத்த வயலில் வரப்புக் கட்டும் அயலவரோ ஆவர். வைத்தியரிடம் சேரும்வரை அவனது உயிர் அவர்கள் கைகளிலேயே தங்கியிருக்கின்றது. அக்கைகளுக்குக் கற்பிக்கத்தக்கது யாது, அதனைக் கற்பிக்கத்தக்கார் யாவர் என்னும் வினாக்கள் வன்னிப் பெருநிலத்தில், சிறப்பாக முள்ளிவாய்க்காலைச் சூழ்ந்த ஊர்களில், ஏனைய இடங்களிலும் பார்க்க ஆழமான பொருளுடையன.

முள்ளிவாய்க்கால், நந்திக்கடல் என்னும் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு நகரை அடையும் நெடுஞ்சாலை அதனூடாகச் செல்கின்றது. கரையோரத்தில் மீன்பிடியும் மணல் நிலத்தில் தென்னையும் கச்சானும் மக்களுக்கு வாழ்வளிக்கின்றன. களப்புக்கு அப்பால் வற்றாப்பளை, முள்ளியவளைப் பக்கங்களில் நெல்வயல்கள் விரிகின்றன. மாவட்டத்தின் உட்பகுதியிலே முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் நீர் பாயும் நிலங்கள் உள்ளன. மாரி மழையில் காலபோகமும் குளத்து நீரில் சிறுபோகமும் செய்யப்படுகின்றன. எருது பூட்டி உழுத காலத்தில் கமக்காரன் பெற்ற காயம் பெரும்பாலும் அரிவாளாலும் மண்வெட்டியாலும் உண்டானது. இன்று உழவு இயந்திரமும், சூடடிக்கும் இயந்திரமும், நீர் இறைக்கும் இயந்திரமும், கிருமிநாசினித் தெளிகருவியும் வயலுக்கு வந்துவிட்டன. காயத்தின் தன்மை மாறிவிட்டது. அதனைக் காணும் அயலவரின் அறிவு அதற்கேற்ப மாறியதா என்பது ஐயத்துக்குரியது.

நோயாளரை ஏற்றிச் செல்லும் வசதி முன்னைக் காலத்திலும் பார்க்க இன்று பெரிதும் திருந்தியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. இந்திய அரசின் நன்கொடையோடு 2016 ஆம் ஆண்டு யூலை மாதம் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ நோயாளர் காவுவண்டிச் சேவை, 2018 யூலை மாதத்தில் வட மாகாணத்துக்கும் விரிந்தது. கட்டணம் இல்லை, தொலைபேசியில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் போதும். வண்டியில் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் வருவார். ஆயினும் வண்டி தெருவிலேதான் வரும், வரப்பிலே வராது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாய்க்கால் பெருகி வயற்பாதை சேறாகிக் கிடக்கும்போது, தெருவுக்கும் களத்துக்கும் இடைப்பட்ட தூரம் நடந்தும் சுமந்தும் கடக்கவேண்டியதே. பெருங்குருதிக் குழாய் ஒன்று அறுந்தவன் சில நிமிடங்களில் இறக்கக்கூடும். எத்துணை விரைந்து வரும் வண்டியும் அந்நிமிடங்களுக்குள் வந்துசேர்தல் அரிது. காவுவண்டியின் பயன் முழுமை பெறுவது, அது வருமுன் அங்கிருப்போர் செய்யும் செயலாலேயே.

அத்தகைய செயலை உலகுக்குக் கற்பித்தது போர்க்களம் என்பது வரலாறு. பிரித்தானியப் படையின் வைத்தியர் பீற்றர் செப்பேட் என்பவர், காயமுற்ற வீரருக்குச் செய்யும் உடனடி உதவியைப் பொதுமக்களுக்கும் பயிற்றலாம் எனக் கருதி, 1878 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வூலிச் நகரில் முதலுதவி வகுப்பொன்றை நடத்தினார். அடுத்த ஆண்டு தென்னாபிரிக்காவில் இசண்டல்வானாப் போரிலே அவர் மாண்டார். அவர் தொடங்கிய வகுப்போ செயின்ற் ஜோன் அம்புலன்ஸ் சங்கத்தின் வழியாக நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் புகையிரத நிலையங்களுக்கும் பரவியது. போருக்கெனப் பிறந்த கலை தொழிலாளரின் உயிர் காக்கும் கலையாயிற்று.

வன்னியில் இக்கலை வகுப்பறையில் பயிலப்படவில்லை. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை இடம்பெயர்ந்து புதுமாத்தளனுக்கும், பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் சென்றது. முள்ளிவாய்க்காலின் தற்காலிக வைத்தியசாலையும் மே மாத நடுப்பகுதியில் எறிகணை வீச்சுக்கு இலக்காகி இயங்காது போயிற்று. மருந்தும் துணியும் அற்ற அந்நாட்களில் குருதியை அடக்குதல், முறிந்த காலைத் தடியோடு சேர்த்துக் கட்டுதல், காயமுற்றவரைத் தூக்குதல் ஆகியவற்றை மக்கள் ஒருவரையொருவர் பார்த்தே கற்றனர். அத்துயரின் வழியே பெற்ற கைப்பழக்கம் அந்நிலத்து நடுவயதினர் பலரிடம் இன்றும் உண்டு. பயிற்சி அளிக்கச் செல்வோர் இதனை மறத்தல் கூடாது. ஒன்றும் அறியாதார்க்குக் கற்பித்தல் வேறு; பெருந்துன்பத்தில் ஒன்றைக் கற்றோர்க்கு அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது எனக் காட்டுதல் வேறு. பின்னையதே கடினமானது.

சிற்றூர் மக்களைப் பயிற்றுவதால் உயிர் காக்கப்படுமா என்னும் கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைத்த இடங்கள் வன்னியை ஒத்தவையே. மிதிவெடிகள் நிறைந்த வட ஈராக்கிலும் கம்போடியாவிலும், ஹான்ஸ் ஹுசும், மட்ஸ் கில்பேட் முதலிய நோர்வே வைத்தியர்கள் 1997 முதல் 2001 வரை ஒரு முயற்சியை நடத்தினர். உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் 135 பேருக்கு விரிவான பயிற்சி அளிக்கப்பட்டது. கிராமத்தவர் 5,200 பேர் முதலுதவியாளராகப் பயிற்றப்பட்டனர். காயமுற்றோரை வைத்தியசாலை சேர்க்கச் சராசரியாக 5.7 மணி நேரம் சென்றது. அப்படியிருந்தும், முன்னர் நூற்றுக்கு 40 ஆக இருந்த இறப்பு அம்முயற்சிக் காலத்தில் நூற்றுக்கு 14.9 ஆகக் குறைந்தது. புதிய வைத்தியசாலைகளால் விளைந்த பயன் அன்று அது. விபத்து நிகழ்ந்த இடத்திலிருந்தவர்கள் மூச்சுவழியைத் திறந்து, குருதியை அடக்கி, உடலின் வெப்பம் குன்றாது காத்தமையால் விளைந்தது. விலையுயர்ந்த கருவியொன்றும் அதற்குத் தேவைப்படவில்லை.

அம்முயற்சியிற் கருதத்தக்க நுணுக்கம் ஒன்றுண்டு. காயத்துக்கு மேலே கயிறோ பட்டியோ இறுக்கிக் குருதியோட்டத்தை முற்றாக நிறுத்தும் முறையை அவ்வைத்தியர்கள் எதிர்த்தனர். காயத்தினுள்ளே துணியைத் திணித்து அழுத்திக் கட்டும் முறையையே கற்பித்தனர். ஐந்தாறு மணி நேரம் குருதியோட்டம் இன்றிக் கட்டப்பட்ட கால் பிழைத்தல் அரிது என்பது அவர்கள் காட்டிய காரணம். இதற்கு மாறாக, ஈராக்கிலும் ஆப்கானித்தானிலும் போரிட்ட அமெரிக்கப் படையினரிடையே இறுக்கு பட்டி பல உயிர்களைக் காத்தது. அந்த அனுபவத்தின் பயனாக, 2015 ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களுக்கே அது கற்பிக்கப்படுகின்றது. இரு சாராரும் தத்தம் நிலத்தில் சரியானவரே. அங்கே காயமுற்ற வீரன் விரைவில் சத்திரசிகிச்சைக்கூடம் சேர்ந்தான். இங்கே மலையும் காடும் கடக்கவேண்டியிருந்தது. தூரமே முறையைத் தீர்மானிக்கின்றது. முள்ளிவாய்க்காலிலிருந்து மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு இன்று நல்ல தெரு உண்டு. ஆதலின் அழுத்திப் பிடித்தும் அடங்காத குருதிக்கு இறுக்கு பட்டியைக் கற்பிப்பது அவ்வூருக்குப் பொருந்தும். குளத்துக்கு அப்பால் காட்டோரச் சேனையில் இருப்பவனுக்கு அதே பாடத்தைச் சற்று அச்சத்தோடுதான் கற்பிக்கவேண்டும்.

சூடடிக்கும் இயந்திரத்தின் பட்டியில் சாரத்தின் முனை சிக்குண்டு கை இழுக்கப்படும்போதும், கமக்காரர் ‘ரொட்டவேற்றர்’ என்று வழங்கும் சுழற்கலப்பையிற் கால் அகப்படும்போதும், பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு மனிதன் முழங்காலின்கீழ் வெடிக்கும்போதும் குருதிப் பெருக்கே முதற் பகை. காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து உடற்பாரம் முழுவதையும் செலுத்தி அழுத்தினால் பெரும்பாலான குருதி அடங்கும். அடங்காதவிடத்து, காயத்துக்கு நான்கு விரற்கிடை மேலே, மூட்டைத் தவிர்த்து, மூன்று விரல் அகலமுள்ள துணியைச் சுற்றி, அதனிடையே உறுதியான தடியைச் செருகி, குருதி நிற்கும்வரை முறுக்குதல் வேண்டும். மெல்லிய கயிறு நரம்பை நசுக்கும். தடியின்றிக் கையால் மட்டும் இறுக்கிய கட்டு பெரும்பாலும் போதாது. கட்டிய நேரத்தை நெற்றியிலே எழுதுவது வழக்கம். ‘சிறிது தளர்த்திப் பார்ப்போம்’ என்று இடைவழியில் அவிழ்த்தல் ஆகாது. நைலோன் கயிறு வயலெங்கும் கிடைக்கும். அகன்ற துணிக்குச் சாரத்தைக் கிழிக்கவேண்டும். இத்தகைய சிறு செய்தியே பயிற்சியில் நினைவில் நிற்பது.

இனி, அதே கையால் அதே கட்டைப் பாம்பு கடித்த காலில் இட்டால் விளைவது யாது? பாம்புக் கடியில் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுதல் தமிழ் மக்களிடையே பழமையான வழக்கம். நஞ்சு நெஞ்சுக்கு ஏறாது தடுக்கலாம் என்பது அதன் கருத்து. கருத்து கேட்கச் சரியாகத்தான் இருக்கின்றது. ஆயினும் புடையன் என வழங்கும் கண்ணாடி விரியனின் நஞ்சு, கடித்த இடத்துத் தசையையே அழிக்கும் இயல்பினது. இறுக்கிக் கட்டும்போது அந்நஞ்சு ஓரிடத்தே செறிந்து நிற்கின்றது. குருதியோட்டமும் இன்றித் தசை அழுகுகின்றது. கட்டை அவிழ்க்கும் கணத்தில் தேங்கிய நஞ்சு ஒருங்கே உடலுட் பாய்கின்றது. கத்தியால் கீறிக் குருதியை வெளியேற்றுதல் இதனினும் கொடிது. இந்நஞ்சினால் குருதி உறையும் தன்மையை இழக்கின்றது. கீறிய சிறு காயமே நில்லாது ஒழுகும். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியம் வெளியிட்ட வழிகாட்டி இவ்வழக்கங்களை வெளிப்படையாக விலக்குகின்றது. கடியுண்டவரை நடக்கவிடாது படுக்கவைத்து, மோதிரம், கொலுசு, வளையல் ஆகியவற்றைக் கழற்றி, கடித்த உறுப்பை முறிந்த காலைப் போல அசையாது கட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது. எலும்பு முறிவுக்குப் பயன்படும் தடியும் தளர்ந்த துணியுமே இதற்கும் போதும்.

ஒன்று மாத்திரம் விசேடமாகக் கற்பிக்கப்படல் வேண்டும். முதலுதவியாளர் வந்து சேருமுன்னரே எவரோ இறுக்கிக் கட்டியிருந்தால், அதனைக் கண்டதும் பதறி அவிழ்த்துவிடலாகாது. நஞ்சுமுறி மருந்து ஏற்றத்தக்க இடத்தில், வைத்தியரின் மேற்பார்வையிலேயே அது அவிழ்க்கப்படுதல் நன்று. கட்டுவது தவறு எனக் கற்ற அரைகுறை அறிவு, அவிழ்ப்பதில் அவசரம் காட்டி உயிரைப் போக்கலாம்.

இலங்கையில் பாம்புக்கடியின் அளவு சிறிதன்று. நாடு முழுவதும் வீடுவீடாக எடுக்கப்பட்டு 2016 இல் வெளியான கணக்கெடுப்பின்படி, ஒரு 12 மாத காலத்தில் ஏறத்தாழ 80,500 பேர் கடியுண்டனர். அவர்களுள் 30,500 பேரளவில் நஞ்சேறினர். 464 பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. உலர் வலயத்து உழவரே பெரிதும் பாதிக்கப்படுவோர். புடையன் அறுவடைக் காலத்தில் வயலிலேயே மிதிபடுவது. அதனினும் வஞ்சகமானது கட்டுவிரியன். யானைக்கும் பன்றிக்கும் காவலாக வயற்கொட்டிலின் தரையிலே உறங்குபவனை அது இரவிற் கடிக்கின்றது. கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரும்பாலும் இராது, பற்குறியும் தெரியாது. விடியலில் வயிற்றுவலி என்பான், கண்ணிமைகள் தாமே கவியும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது. அதன்பின் மூச்சுத் தசைகள் செயலற்றுப் போகும். இரவு தரையிற் படுத்தவன் காலையில் இமை தூக்கமுடியாது விழித்தால் அது பாம்புக்கடியே எனக் கொள்ளுமாறு ஒவ்வொரு வீட்டாருக்கும் சொல்லப்படல் வேண்டும். மூச்சு நின்ற நிலையிலும் அவனது இதயம் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதியவாறே வைத்தியசாலை சேர்ப்பித்தால், செயற்கைச் சுவாசத்தோடு நாட்கள் கழிந்தபின்னும் அவன் எழுந்து நடப்பான். பக்கவாதம் போலத் தோன்றும் அந்நிலை மீளத்தக்கது என்பதை அறியாமையால் கைவிடப்பட்ட உயிர்கள் இரங்கத்தக்கன.

விஷகடிப் பரிகாரியாரை இப்பயிற்சியின் பகைவராகக் கருதுவோர் உளர். அது மதியுடைய செயலாகாது. கடியுண்டவனின் சுற்றத்தார் நள்ளிரவிலும் தேடிச் செல்வது அவரிடமே. அவர் ‘முதலில் மாஞ்சோலைக்குப் போங்கோ’ என்று கூறும் ஒரு சொல், பத்துப் பிரசுரங்களினும் வலியது. முதற் பயிற்சி வகுப்பில் முதல் இருக்கை அவருக்கு அளிக்கப்படல் தகும்.

உதவ விரையும் கையைத் தடுத்து நிறுத்துதலும் பயிற்சியின் ஒரு கூறே. நீர் இறைக்கும் எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டும்போது அதன் புகை கிணற்றடியிலே தேங்குகின்றது. அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. இறங்கியவன் மயங்கி விழுகின்றான். தூக்கச் சென்ற மகன் விழுகின்றான். அவனைக் காக்கச் சென்ற அயலவனும் விழுகின்றான். விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிடில் இறங்கலாம் என்பது முன்னோர் கண்ட சோதனை. ஒட்சிசன் குறைவை அது காட்டும் என்பது உண்மை. ஆனால் உயிர்கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு நிறைந்த கிணற்றிலும் விளக்கு நின்றெரியும். முன்னோர் காலத்துக் கிணற்றில் இயந்திரம் இருந்ததில்லை. சோதனை பழுதன்று, கிணறு மாறிவிட்டது. இடுப்பிலே கயிறு கட்டாமலும், மேலே இழுக்க ஆளின்றியும், காற்றுச் செலுத்தாமலும் ஒருவரும் இறங்கக்கூடாது என்பதைப் பெற்ற தாயையும் கட்டுப்படுத்தும் விதியாகக் கற்பிக்கவேண்டும். இதனினும் கொடிய பாடம் வேறில்லை. கண்ணெதிரே மகன் கிடக்கக் கரையிலே நில் என்று சொல்வது அது.

மின்சாரமும் அத்தகையதே. காட்டுப்பன்றிக்கெனச் சட்டத்துக்கு மாறாக வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியிற் செலுத்துவோர் உளர். கம்பியில் விழுந்து கிடப்பவனைத் தொட்டவரும் அவனோடு கிடப்பர். உலர்ந்த தடியால் தள்ளலாம் எனப் பாடநூல் கூறும். கணுக்கால் நீரில் நிற்பவனுக்கு அத்தடியும் துணையாகாது. மின்னோட்டத்தை நிறுத்தியபின்னரே அணுகுதல் வேண்டும். இதனைக் கற்ற ஒருவன் மின்னல் தாக்கியவனையும் தொட அஞ்சி நிற்றல் கூடும். மின்னலுண்டவன் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே தொடலாம், தொடவும் வேண்டும். அவனது இதயம் பல வேளைகளில் தானே மீளத் துடிக்கும். மூச்சோ மீள நேரம் செல்லும். அவ்விடைவேளையில் ஊதிய மூச்சே அவனை மீட்பது. ஒரே வயலில் நால்வர் விழுந்தால், முனகுவோரை விட்டு அசைவற்றுக் கிடப்பவனிடம் முதலிற் செல்க என்பது மின்னலுக்கு மாத்திரம் உரிய விதி.

உழவு இயந்திரம் கவிழ்ந்து சேற்றில் முகம் புதையுண்டவனுக்குக் கால் முறிவு இரண்டாவது கவலை. வாயிலும் மூக்கிலுமுள்ள சேற்றை அகற்றுவதே முதலாவது. சுழற்கலப்பையிற் சிக்கிய காலை இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி எடுக்க முயல்வது காயத்தைப் பெருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, சாவி கொண்டு கத்திகளைக் கழற்றுதலே வழி. அச்சாவி இயந்திரத்தோடு எப்போதும் இருத்தல் வேண்டும். துண்டாகிய விரலைச் சுத்தமான ஈரத்துணியிற் சுற்றிப் பொலித்தீன் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து அனுப்பலாம்; பனிக்கட்டி விரலைத் தொடலாகாது.

கிருமிநாசினியைப் பொறுத்தவரையில், மிகக் கொடியவற்றை இலங்கை அரசு 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தமை பெருநன்மை பயந்தது. எஞ்சியவையும் நஞ்சே. உடையைக் களைந்து சவர்க்காரமிட்டுக் கழுவுதல், விழுங்கியவனுக்கு உப்புநீர் கொடுத்து வாந்தி எடுப்பிக்காமை, இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்துதல், போத்தலைப் பெயர்த்தாளோடு வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல் ஆகியன போதியவை. தவறி உண்டானா, மனமுடைந்து உண்டானா என முதலுதவியாளர் விசாரித்தல் தகாது. அவ்விசாரணைக்கு அஞ்சியே மறைக்கும் குடும்பங்கள் உள. மறைத்த நேரம் உயிரைக் குடிக்கும்.

இத்துணையையும் கற்பிப்பார் யாவர்? வன்னியில் அவர்கள் ஏற்கெனவே உளர். போருக்குப் பின் மிதிவெடி அகற்றும் பணியில் அந்நிலத்து ஆண்களும் பெண்களும் பெருந்தொகையினராக ஈடுபட்டனர். சர்வதேச நியமப்படி ஒவ்வொரு களத்திலும் காயத்துக்குச் சிகிச்சை அளிக்கப் பயின்ற ஒருவரும், ஏற்றிச் செல்ல வண்டியும் இருத்தல் வேண்டும். விபத்து நேர்ந்தால் யார் எங்கே நிற்பது, யார் தூக்குவது என்பது ஒத்திகை பார்க்கப்படும். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் இப்பயிற்சியைப் பெற்றவர்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கை இலங்கைக்கு 2018 யூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது; நிலத்தைத் துப்புரவாக்க அது பத்தாண்டுகளைக் குறிக்கின்றது. பணி முடியுந்தோறும் இவர்கள் வீடு திரும்புவர். வேறு தொழில் தேடுவர். மற்றெங்கும் பெருஞ்செலவில் உண்டாக்கவேண்டிய பயிற்சியாளரை, வன்னி தன் துன்பத்தின் விளைவாகப் பெற்றிருக்கின்றது. அவர்கள் கையிலுள்ள அறிவு, வெடியற்ற வயலுக்கு ஏற்பத் திருத்தப்படுமுன் கலைந்துபோக விடுவது பெரும் வீண்செலவு.

கற்போருள் வாகனம் ஓட்டுவோர் முதன்மையானவர். கானா நாட்டில் 335 வணிக வாகனச் சாரதிகளுக்கு ஆறு மணி நேர முதலுதவி வகுப்பொன்று நடத்தப்பட்டது. அவர்களுட் சிலரைப் பல மாதங்கள் கழித்து விசாரித்தபோது, நூற்றுக்கு 61 பேர் கற்றதைப் பயன்படுத்தி எவருக்கேனும் உதவியிருந்தனர். 2002 இல் வெளியான அவ்வாய்வு, நோயாளர் காவுவண்டியே இல்லாத நாட்டில் செய்யப்பட்டது. வன்னியில் வரப்பிலிருந்து தெருவுக்கு ஏற்றுவது ‘லான்ட்மாஸ்ரர்’ எனப்படும் இரு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டி, தெருவிலே முச்சக்கரவண்டி. இவ்விரண்டின் சாரதிகளும், நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்ட விதானைமாரும், வீடுதோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரும், நாற்று நடவும் களை பிடுங்கவும் செல்லும் பெண்களும் பயின்றிருப்பின் ஆளற்ற வயல் என்பது அரிதாகும். வயலில் நெடுநேரம் நிற்பவர்கள் பெண்களாயிருக்க, வகுப்புக்கு ஆண்களை மாத்திரம் அழைப்பது பல இடங்களிற் காணும் குறை.

பயிற்சியின் காலமும் கருதத்தக்கது. மார்பை அழுத்தி மூச்சு ஊதும் பழக்கம் ஆறு மாதத்துக்குள் பெரிதும் மறந்துபோகும் என்பது பல நாடுகளிற் கண்ட உண்மை. ஆண்டுக்கொருமுறை சான்றிதழ் வழங்கி, நிழற்படம் எடுத்துக் கலையும் வகுப்பினால் ஆவது சிறிது. போகத்துக்கு முன்னர் நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுவது எப்படியும் நிகழ்வது. அக்கூட்டத்தோடு ஒரு பிற்பகலைச் சேர்த்துக்கொண்டால், விதைப்புக்கு முன் இயந்திரமும் மின்னலும், அறுவடைக்கு முன் பாம்பும் சூடடிப்பும், சிறுபோகத்துக்கு முன் கிணறும் என அந்தந்தக் காலத்துக்குரியதை அந்தந்தக் காலத்தில் கைப்பழக்கமாகவே கற்கலாம். சேற்றில் நின்று, ஈரச் சாரத்தோடு, இருட்டில் கைவிளக்கொளியிற் பழகவேண்டும். சீமெந்துத் தரையில் உலர்ந்த துணியோடு பழகியது வயலில் உதவாது.

பழகவேண்டியவற்றுள் இறுதியானது தொலைபேசிப் பேச்சு. வீட்டுக்கு முகவரி உண்டு, வயலுக்கு இல்லை. 1990 ஐ அழைப்பவன் பதற்றத்தில் ‘எங்கட வயலடி’ என்றுமட்டுமே சொல்வான். வாய்க்காலின் பெயர், துருசின் இலக்கம், நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் சந்தி, கிராம அலுவலர் பிரிவு ஆகிய நான்கையும் கமக்காரர் அமைப்பு ஒவ்வொரு வயற்கொட்டிலின் கப்பிலும் எழுதி ஒட்டிவைக்கலாம். அழைத்தபின் காயமுற்றவனோடு ஒருவர் இருக்க, இன்னொருவர் கைவிளக்கோடு அச்சந்திக்கு ஓடி, வண்டியின் வெளிச்சம் தெரியும்வரை தெருவிலே நிற்கவேண்டும்.